உழைச்செல்வார்: மருத்துவத்தின் நான்காம் கூறு



திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் நிறைவில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நின்றுவிடாமல், ‘உழைச்செல்வான்’ என்பவனையும் அவற்றோடு ஒப்ப வைக்கின்றார். ‘உழை’ என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து பணிபுரிபவன் அவன். அந்த நான்காம் கூற்றைத் தமிழகத்தில் முறையான கல்வியாக வளர்த்தவர்களுள் முன்னிற்பவர் டாக்டர் ஐடா ஸ்கடர். அவர்தம் வாழ்வு பழனிமலைத் தொடரின் மேலுள்ள கொடைக்கானலில் நிறைவுற்றது.

1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் அவர். இளமையில் திண்டிவனத்தில் ஓர் இரவு, பேறுகால வேதனையுற்ற மூன்று பெண்களுக்காக மூன்று குடும்பத்தார் அடுத்தடுத்து வந்து அவரை அழைத்தனர். அவர் தந்தையார் மருத்துவரே. எனினும் ஆடவர் மருத்துவம் பார்க்க அக்குடும்பங்கள் இசையவில்லை. ஐடாவோ அன்று மருத்துவம் கல்லாதவர். மூன்று பெண்களும் மாண்டனர்.

அந்த இரவே அவரை மருத்துவக் கல்விக்கு அனுப்பியது. 1899-இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். 1902-இல் பெண்களுக்கென 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. இதன் பின்னர் அவர் செய்தவற்றின் வரிசையை உற்று நோக்குதல் வேண்டும். 1903-இல் கம்பவுண்டர் பயிற்சி, 1909-இல் செவிலியர் பள்ளி, அதன் பிறகே 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. உழைச்செல்வாரை உருவாக்கிய பின்னரே மருத்துவரை உருவாக்க முனைந்தார். மருந்தின் அளவு பிழைத்தாலும், இரவில் நாடி பார்ப்போர் அயர்ந்தாலும், மருத்துவரின் திறம் முழுதும் வீணாகும் அன்றோ!

1946-இல் அச்செவிலியர் பள்ளி பட்டக் கல்லூரியாக உயர்ந்தது. அவர் ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் ‘ஹில்டாப்’ இல்லத்திற் குடியேறியதும் அதே ஆண்டில்தான். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கத் தொண்டர்கள் காய்ச்சலுக்கு அஞ்சி உடல்நலம் நாடி வீடு கட்டிய மலை அது. அங்கே 1960 மே மாதம், தம் 89-ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

அவர் இட்ட வித்து கிளைத்தது. விபத்தொன்றில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் தோன்றியது. முடங்கியவரை மீண்டும் நடக்கச் செய்வதில் இயன்முறை மருத்துவருக்கும் செயல்முறை மருத்துவருக்கும் உள்ள பங்கை அது நாடறியக் காட்டியது.

செவிலியர்க்கும் மருந்தாளுநர்க்கும் நாடு விடுதலையுற்ற காலத்திலேயே சட்டங்கள் அமைந்தன. ஆனால் இயன்முறை மருத்துவர், ஆய்வக வல்லுநர், கதிர்ப்பட வல்லுநர் முதலியோர்க்கு நாடு தழுவிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2021-இல்தான் நிறைவேறியது. இன்று பல்கலைக்கழகங்களில் இத்துறைக்கெனப் புலமும் புலத்தலைவரும் உள்ளனர்.

எனினும் நம் இல்லங்களில் மாற்றம் வந்துள்ளதா? மருத்துவ இடம் கிட்டாத பிள்ளை துணை மருத்துவப் படிப்பிற் சேர்ந்தால், ஆறுதல் கூறுவது போலன்றோ வாழ்த்துகின்றோம்? பெற்றோர்களே, அப்பிள்ளை தோற்றுச் செல்லவில்லை; நான்கு கூறுகளுள் ஒன்றைத் தாங்கச் செல்கின்றது. வள்ளுவர் தந்த இடத்தை நாமும் தருவோமாக!