சமத்துவம் நிர்வாகத்தின் கொடை அல்ல
ஜேஎன்யு மாணவர் இயக்கம் வென்றதும் இழந்ததும்

(மாணவர் அரங்கத் தோழர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உயர்கல்வி நிறுவனங்கள் வெளியிடும் கையேடுகளில் பன்முகத்தன்மை, சமவாய்ப்பு ஆகிய சொற்கள் இன்று தவறாமல் இடம்பெறுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2012ஆம் ஆண்டிலேயே உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான விதிமுறைகளை அறிவித்துவிட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவு அமைக்கப்பட வேண்டும், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. அதன் பிறகுதான் 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவின் உயிர் பறிபோனது. 2019 மே மாதத்தில் மும்பையில் ஆதிவாசிப் பெண் மருத்துவர் பாயல் தத்வியின் உயிர் பறிபோனது. அந்த இரு தாய்மார்களும் அதே ஆண்டில் உச்சநீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. ஏட்டில் இருக்கும் விதிகளை நடைமுறைப்படுத்துங்கள் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை.

விதி இருந்தது, சமத்துவம் இல்லை. இது ஏன் நேர்கிறது? நிர்வாகம் மேலிருந்து அறிவிக்கும் சமத்துவத்துக்கும், மாணவர்கள் கீழிருந்து போராடி உருவாக்கும் சமத்துவத்துக்கும் என்ன வேறுபாடு? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மாணவர் இயக்க வரலாறு பெரிதும் உதவும். அங்கு பெற்ற வெற்றிகளைப் போலவே அங்கு நேர்ந்த இழப்புகளும் பாடம் சொல்கின்றன.

மதிப்பெண்ணுக்குள் வந்த மாவட்டம்

ஜேஎன்யு 1969ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியது. நாட்டின் தலைநகரில், மத்திய அரசின் பணத்தில் நடைபெறும் பல்கலைக்கழகத்தில் யார் படிப்பது என்ற கேள்வியை 1970களிலேயே மாணவர் சங்கம் எழுப்பியது. இடதுசாரி மாணவர்கள் முன்னின்ற அந்த இயக்கத்தின் விளைவாகவே, பின்தங்கிய பகுதிகளிலிருந்து வருவோருக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கும் சேர்க்கைக் கொள்கை உருவானது.

இந்தக் கொள்கை எவ்வாறு செயல்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அது பெற்ற வடிவத்தில், நாட்டின் மாவட்டங்கள் நான்கு அளவுகோல்களைக் கொண்டு வரிசைப்படுத்தப்பட்டன. பெண்களின் எழுத்தறிவு, விவசாயத் தொழிலில் ஈடுபட்டோரின் விகிதம், கிராமப்புற மக்கள்தொகையின் விகிதம், வளாகத்துக்குள் கழிப்பறை இல்லாத வீடுகளின் விகிதம் ஆகியவையே அந்த நான்கு. மிகவும் பின்தங்கிய முதல் கால்பகுதியில் வரும் மாவட்டத்தைச் சேர்ந்தவருக்கு ஐந்து மதிப்பெண். அடுத்த கால்பகுதிக்கு மூன்று மதிப்பெண். பெண்களுக்குத் தனியே ஐந்து மதிப்பெண். அதாவது, பின்தங்கிய மாவட்டம் ஒன்றிலிருந்து வரும் மாணவி நுழைவுத் தேர்வில் தான் எடுத்த மதிப்பெண்ணுடன் பத்து மதிப்பெண்ணைக் கூடுதலாகப் பெற முடிந்தது. அரசமைப்பு வழங்கிய இடஒதுக்கீடு இதனால் குறையவில்லை. அதற்கு மேலாக, வட்டாரப் பின்தங்கலையும் பாலினப் பாகுபாட்டையும் கணக்கில் கொண்ட ஏற்பாடு இது.

தகுதி, திறமை என்று பேசுவோருக்கு இந்த நான்கு அளவுகோல்களே பதில் கூறின. வீட்டில் கழிப்பறை இல்லாத, தாய்க்கு எழுத்தறிவு இல்லாத, அறுவடைக் காலத்தில் வயலுக்குச் செல்லும் ஒரு பெண் எடுக்கும் அறுபது மதிப்பெண்ணும், பெருநகரப் பயிற்சி மையத்திலிருந்து வரும் ஒருவர் எடுக்கும் அறுபத்தைந்து மதிப்பெண்ணும் எவ்வாறு ஒப்பிடத்தக்கவை? ஓட்டம் தொடங்கிய இடத்தைக் கணக்கில் கொள்ளாமல் முடிந்த இடத்தை மட்டும் அளப்பது நீதியாகாது. இதை வெறும் முழக்கமாக விட்டுவிடாமல், சேர்க்கைப் படிவத்தில் எண்ணாக எழுதவைத்ததே அந்த மாணவர் இயக்கத்தின் சாதனை.

ஆனால் அந்த வெற்றி நிரந்தரமாக இருக்கவில்லை. 1983 மே மாதக் கிளர்ச்சியின்போது காவல்துறை வளாகத்துக்குள் வந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் திகார் சிறையில் அடைக்கப்பட்டனர். பல்கலைக்கழகம் மூடப்பட்டது, அந்த ஆண்டு புதிய மாணவர் சேர்க்கையே நடைபெறவில்லை. அந்த அடக்குமுறையோடு சேர்ந்து பழைய சேர்க்கைக் கொள்கையும் கைவிடப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, 1990களின் முற்பகுதியில் நடைபெற்ற போராட்டங்களின் வழியாகத்தான் பின்தங்கல் மதிப்பெண் மீண்டும் வந்தது. அந்தத் தலைமுறை மாணவர் தலைவர்களில் ஒருவரான சந்திரசேகர், பின்னர் பீகாரின் சிவானில் மக்கள் பணியாற்றியபோது 1997 மார்ச் 31 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

காலியிடம் என்னும் தந்திரம்

சமத்துவத்தை மறுப்பவர்கள் எப்போதும் அதை வெளிப்படையாக மறுப்பதில்லை. விதிக்கு விளக்கம் கூறும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுப்பார்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மத்தியக் கல்வி நிறுவனங்களில் 27 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2006இல் நிறைவேறியது. 2008 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் ஜேஎன்யுவில் பிற்படுத்தப்பட்டோர் இடங்கள் ஆண்டுதோறும் நிரம்பாமல் போயின; நிரம்பாத இடங்கள் பொதுப் பிரிவுக்கு மாற்றப்பட்டன.

காரணம் 'கட்-ஆஃப்' என்ற ஒரு சொல். பொதுப் பிரிவில் கடைசியாகச் சேர்க்கப்பட்டவர் பெற்ற மதிப்பெண்ணே கட்-ஆஃப், அதிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்த பிற்படுத்தப்பட்ட மாணவருக்கு இடமில்லை என்று நிர்வாகம் பொருள் கொண்டது. போட்டி கடுமையாகக் கடுமையாக இடங்கள் தாமே காலியாகும் ஏற்பாடு இது. மாணவர்கள் சேர்க்கைப் புள்ளிவிவரங்களைத் திரட்டினர், வளாகத்தில் போராடினர், நீதிமன்றத்துக்கும் சென்றனர். 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் மாணவர்களின் வாதத்தை ஏற்றது. கட்-ஆஃப் என்பது சேர்க்கைக்கான குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண். பொதுப் பிரிவுக்கு அது 50 என்றால் பிற்படுத்தப்பட்டோருக்கு 45 போதும் என்பது தெளிவாயிற்று. இந்தத் தீர்ப்பு ஒரு வளாகத்துக்கு மட்டும் உரியதல்ல. நாட்டின் அனைத்து மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தியது.

நேர்முகத் தேர்வின் முப்பது மதிப்பெண்

ஆய்வுப் படிப்புக்கான சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத் தேர்வுக்கு 30 என மதிப்பெண் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறும் தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் நேர்முக அறையிலிருந்து ஒற்றை இலக்க மதிப்பெண்ணுடன் வெளியே வருவதை மாணவர் அமைப்புகள் ஆண்டுதோறும் சுட்டிக்காட்டின. அந்த அழுத்தத்தின் விளைவாகக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையிலான குழு, பல ஆண்டுகளின் சேர்க்கைத் தரவுகளை ஆராய்ந்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்முக மதிப்பெண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டில் பாகுபாட்டின் தடம் தெரிகிறது என்று கூறி, நேர்முகத் தேர்வின் பங்கை 15 மதிப்பெண்ணாகக் குறைக்குமாறு 2016இல் பரிந்துரைத்தது.

நடந்ததோ நேர்மாறானது. அதே ஆண்டு மே மாதம் மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகளைக் காட்டி, எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, இறுதித் தேர்வு முழுவதையும் நேர்முகத்திடம் ஒப்படைத்தனர். 2017இல் ஆய்வுப் படிப்புகளுக்கான பின்தங்கல் மதிப்பெண்ணும் நீக்கப்பட்டது. ஆய்வு இடங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன.

அந்த ஆண்டு மார்ச் 13 அன்று, சேலத்திலிருந்து சென்ற தலித் ஆய்வு மாணவர் முத்துக்கிருஷ்ணன் டெல்லியில் இறந்து கிடந்தார். பல முறை முயன்று அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர் அவர். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் முகநூலில் எழுதிய கடைசிப் பதிவு, சேர்க்கையிலும் நேர்முகத் தேர்விலும் சமத்துவம் மறுக்கப்படுவதைப் பற்றியதாகவே இருந்தது. முப்பது மதிப்பெண் என்பது வெறும் கணக்குப் பிரச்சனை அல்ல என்பதை அந்தப் பதிவு உணர்த்துகிறது. நீதிமன்றத்திலும் வீதியிலும் எழுந்த எதிர்ப்புக்குப் பின்னர்தான், 2018இல் மானியக் குழு விதிகளைத் திருத்தி எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காட்டு மதிப்பை மீண்டும் அளித்தது. அதாவது, ஈராண்டுப் போராட்டத்தின் பயன் பழைய இடத்துக்குத் திரும்பியது மட்டுமே.

தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவும் நியமிக்கப்பட்ட குழுவும்

பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 1997இல் விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம் வழிகாட்டுதல்களை அளித்தது. அதையொட்டி 1999இல் ஜேஎன்யுவில் பாலின உணர்வூட்டல் மற்றும் பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்புக் குழு உருவானது. சுருக்கமாக ஜிஎஸ்கேஷ் என்று அழைக்கப்பட்ட அந்தக் குழுவில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களும் தத்தம் பிரதிநிதிகளை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். புகார் கொடுக்கும் மாணவி, தான் வாக்களித்த ஒருவரிடம் தன் துயரத்தைச் சொல்ல முடிந்தது. புகாருக்கு உள்ளானவர் எவ்வளவு செல்வாக்குள்ள பேராசிரியராக இருந்தாலும் குழு நிர்வாகத்தின் முகம் பார்க்க வேண்டியதில்லை.

2017 செப்டம்பரில் இந்தக் குழு கலைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்படுகிறது என்பது நிர்வாகம் சொன்ன காரணம். சட்டத்தின் பெயரைச் சொல்லியே, சட்டம் வருவதற்கு முன்பே மாணவர்கள் உருவாக்கிய ஜனநாயக அமைப்பு அழிக்கப்பட்டது. பாதிக்கப்படுவோரிடம் பொறுப்புக் கூறும் அமைப்பு போய், நிர்வாகத்திடம் பொறுப்புக் கூறும் அமைப்பு வந்தது.

கட்டணமும் சமத்துவமும்

சாதி, பாலினம், வட்டாரம் என்று பேசும்போது வர்க்கம் மறைந்துவிடுவதில்லை. 2019 அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஜேஎன்யு விடுதிக் கட்டணம் உயர்த்தப்பட்டது. ஒருவர் தங்கும் அறையின் மாத வாடகை 20 ரூபாயிலிருந்து 600 ரூபாயாகவும், இருவர் தங்கும் அறைக்கு 10 ரூபாயிலிருந்து 300 ரூபாயாகவும் அறிவிக்கப்பட்டது. இதற்கு மேல் மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணம். பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையே, மாணவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் மாதம் 12,000 ரூபாய்க்கும் குறைவான வருமானமுள்ள குடும்பங்களிலிருந்து வருவதைக் காட்டியது. இடஒதுக்கீட்டின் வழியாக உள்ளே வந்தவரைக் கட்டணத்தின் வழியாக வெளியேற்ற முடியும் என்பதை மாணவர்கள் உடனே புரிந்துகொண்டனர். அதனால்தான் நாடாளுமன்றம் நோக்கிய அவர்களுடைய பேரணி தடியடியைச் சந்தித்தும் ஓயவில்லை. நிர்வாகம் படிப்படியாகப் பின்வாங்க நேர்ந்தது.

இடதுசாரிகள் தம்மையே கேட்க வேண்டிய கேள்வி

தோழர்களே, இந்த வரலாற்றைப் பெருமையுடன் மட்டும் சொல்லி முடித்தால் அது அரைகுறை உண்மையாகிவிடும். பின்தங்கல் மதிப்பெண்ணுக்காகப் போராடிய இயக்கத்தின் தலைமையில் யார் இருந்தார்கள்? 1996இல் பட்டிலால் பைர்வா ஜேஎன்யு மாணவர் சங்கத் தலைவரானார். அவருக்குப் பின், தலித் சமூகத்திலிருந்து அடுத்த தலைவர் வருவதற்கு 2024 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பீகாரின் கயாவைச் சேர்ந்த தனஞ்செய் அப்போதுதான் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடையில் ஏறத்தாழ 28 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் சங்கத்தின் தலைமை இடதுசாரி அமைப்புகளிடமே இருந்தது.

இந்த இடைவெளிதான் 2014இல் பிர்சா அம்பேத்கர் புலே மாணவர் சங்கம் தனி அமைப்பாக உருவானதன் பின்னணியில் இருந்த கேள்விகளில் ஒன்று. அந்த அமைப்பின் விமர்சனங்கள் அனைத்தும் சரியானவை என்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சமத்துவத்தைக் கோரும் இயக்கம் தன் சொந்த மேடையில் அதைக் கடைப்பிடிக்கிறதா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2024 தேர்தலில் பொதுச்செயலாளர் பதவிக்கான இடதுசாரி வேட்பாளரின் மனு தேர்தல் நேரத்தில் ரத்து செய்யப்பட்டபோது, இடதுசாரி அணி அந்த அம்பேத்கரிய அமைப்பின் வேட்பாளரை ஆதரித்தது. அவர் வெற்றியும் பெற்றார். நெருக்கடியில் பிறந்த அந்த ஒற்றுமையைக் கொள்கை சார்ந்த ஒற்றுமையாக வளர்ப்பது இன்றைய தேவை.

பாடங்கள்

இந்த அனுபவத்திலிருந்து மூன்று முடிவுகள் எழுகின்றன.

முதலாவது, சமத்துவம் குறிப்பானதாக இருக்க வேண்டும். எத்தனை மதிப்பெண், யார் தேர்ந்தெடுக்கும் குழு, காலியிடம் யாருக்கு, விடுதிக்கு எவ்வளவு என்ற கேள்விகளுக்கு விடையாக அமையாத பன்முகத்தன்மை வெறும் அலங்காரம். ஒவ்வொரு வளாகத்திலும் மாணவர் கிளை தன் நிறுவனத்தின் சேர்க்கைப் பட்டியலையும் நேர்முக மதிப்பெண்களையும் நிரப்பப்படாத இடங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகத் திரட்ட வேண்டும்.

இரண்டாவது, வளாக விதியாக மட்டும் நிற்கும் உரிமை ஒரு துணைவேந்தரின் ஆணையால் அழியும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்வியில் வழங்கப்பட்ட 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமன்றத்தில் சட்டமாக நிறைவேறியதால்தான் நீதிமன்றத்திலும் நிலைத்தது. வளாகப் பாகுபாட்டுக்கு எதிராக ரோகித் பெயரில் தண்டனை விதிகளுடன் கூடிய சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையின் முக்கியத்துவம் இங்குதான் உள்ளது.

மூன்றாவது, சட்டமும் தானாக நடைபெறாது. 27 விழுக்காட்டுச் சட்டம் இருந்தபோதே இடங்கள் காலியாயின. 2012 விதிகள் இருந்தபோதே ரோகித் மாண்டார். சட்டத்தை ஒவ்வொரு நாளும் வளாகத்தில் நடைமுறைப்படுத்தவைப்பது அமைப்பாகத் திரண்ட மாணவர்களே. மாணவர் தலைமுறை ஐந்தாண்டுகளில் மாறிவிடும். பழைய போராட்டத்தின் நினைவும் அதோடு சென்றுவிடும். அந்த நினைவைக் காத்து, அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும் பொறுப்பு மாணவர் அமைப்புக்கும் கட்சிக்கும் உரியது. 1983இல் பறிக்கப்பட்டதை 1990களில் வேறொரு தலைமுறை மீட்டது, அந்தப் பொறுப்பு நிறைவேற்றப்பட்டதால்தான். 2017இல் பறிக்கப்பட்டவற்றை மீட்கும் பணி இன்றைய தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.