மரக் கிண்ணமும் சீனி வியாதியும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இன்று எனக்களிக்கப்பட்ட பொருள் 'குடலும் நீரிழிவும்' என்பதாகும். அறிவிப்பைக் கேட்டதும் பின்வரிசையிலே சிலர் சிரித்தீர்கள். விழா மேடையிலே குடலைப் பற்றிய பேச்சா என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் சீனி வியாதி எட்டிப் பாராத குடும்பம் இம்மண்டபத்திலே எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

என் பெரியப்பாவின் கதையைச் சொல்கிறேன். ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலே நாற்பது ஆண்டு உழைத்தவர். சீனி வியாதி என்று வைத்தியர் மாத்திரை கொடுத்தார். சிங்கள நண்பர் ஒருவர் அன்போடு ஒரு மரக் கிண்ணம் கொடுத்தார். இரவிலே அதில் தண்ணீர் ஊற்றி வைப்பார், காலையிலே குடிப்பார். உடம்பு தேறியது போலிருக்கவே, மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களில் ஒருவரும் தடுக்கவில்லை. ஒரு நாள் காலிலே கல் குத்தியது அவருக்குத் தெரியவில்லை. நரம்பு மரத்துப் போயிருந்தது. புண் முற்றி, ஆஸ்பத்திரியிலே இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அந்தக் கிண்ணம் பொய்யா? அதுதான் இன்றைய கேள்வி.

சிங்களத்திலே 'கொத்தல ஹிம்புட்டு' என்றும், நம் சித்த வைத்தியத்திலே 'கடலழிஞ்சில்' என்றும் சொல்லப்படும் கொடியின் மரத்தாலே குடையப்பட்ட கிண்ணம் அது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நீரிழிவுக்கு நெடுங்காலமாக வழங்கி வரும் மருந்து.

இது செய்யும் வேலையை அறிய, முதலில் குடலை அறிய வேண்டும். நாம் உண்ணும் சோறும் கோதுமை ரொட்டியும் மாப்பொருள். மாப்பொருள் என்பது குளுக்கோசு மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது. உமிழ்நீரும் கணையநீரும் அம்மாலையைத் துண்டு துண்டாக அறுக்கின்றன. துண்டுகள் அப்படியே இரத்தத்திலே சேர முடியாது. சிறுகுடலின் உட்சுவரிலே உள்ள கலங்களின் மேற்பரப்பில் சில நொதியங்கள் காத்திருக்கின்றன. அவையே துண்டுகளைத் தனித்தனி மணிகளாக்குகின்றன. தேத்தண்ணீரிலே போடும் சீனியையும் அவையே பிளக்கின்றன. மணிகள் விரைந்து இரத்தத்திலே பாய்ந்தால், இன்சுலின் குறைந்தவருக்கு, அல்லது இன்சுலின் சரியாக வேலை செய்யாதவருக்குச் சீனி ஏறிவிடுகிறது.

1997ஆம் ஆண்டிலே ஜப்பானிய ஆராய்ச்சியாளர் யோஷிகாவாவும் அவர் குழுவினரும் இந்தக் கொடியிலிருந்து 'சலசினோல்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டிலே இன்னொன்றைக் கண்டு, 'கொத்தலனோல்' என்று பெயரிட்டார்கள். நம் நாட்டுக் கொடியின் பெயர் இரசாயன நூலிலே ஏறிவிட்டது! இலங்கையிலே பிறந்து கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய மாரியோ பின்டோ என்ற இரசாயனப் பேராசிரியரும் அவர் குழுவினரும் இப்பொருள்களைச் செயற்கையாக ஆக்கி, அவற்றின் அமைப்பை ஆராய்ந்தார்கள். கந்தகம் கலந்த இப்பொருள் நொதியத்தின் கண்ணுக்குச் சீனியைப் போலவே தோன்றுகிறது. நொதியம் அதைப் பற்றிக்கொள்கிறது; ஆனால் அறுக்க முடிவதில்லை. பற்றியிருக்கும் நேரம் வரை உண்மையான துண்டுகள் காத்து நிற்க வேண்டியதுதான். ஆகவே சீனி இரத்தத்திலே மெதுவாக ஏறுகிறது. மேல்நாட்டு மருந்தாகிய அகார்போசும் இதே வழியிலேதான் வேலை செய்கிறது.

2005இலே இலங்கை வைத்தியர்கள் தங்கள் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். நீரிழிவு நோயாளர் 51 பேருக்கு மூன்று மாதம் இம்மூலிகைத் தேநீரும், மூன்று மாதம் வெறும் தேநீரும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எந்தத் தேநீர் என்று நோயாளருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மூலிகைத் தேநீர் குடித்த காலத்திலே சீனி நிலை ஓரளவு தாழ்ந்திருந்தது. ஆகவே கிண்ணம் பொய்யன்று.

ஆனால் நண்பர்களே, இம்மருந்து குடலின் வாசலிலே நிற்கும் காவற்காரன் மட்டுமே. இன்சுலின் குறையை அது தீர்ப்பதில்லை. ஈரல் தானாகவே இரத்தத்திலே விடும் சீனியை அது தடுப்பதில்லை. ஒரு கிண்ணத் தண்ணீரிலே மருந்து எவ்வளவு இறங்கியது என்பதையும் யாரும் அளப்பதில்லை. பெரியப்பாவை வீழ்த்தியது கிண்ணமன்று. கிண்ணமே போதுமென்று நாங்கள் எல்லோரும் நம்பியதுதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மூலிகை குடிப்பவர் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டாவது, மாத்திரையோடு இதுவும் சேர்ந்து சீனி மிகவும் இறங்கி, வியர்த்து நடுங்கினால், வெறும் சீனி தாமதித்தே உதவும். அதைப் பிளக்கும் நொதியமே கட்டுண்டு கிடக்கிறதல்லவா? குளுக்கோசு மாவைக் கரைத்துக் கொடுங்கள். மூன்றாவது, நாள்தோறும் பாதத்தைப் பாருங்கள். முதியவர்களுக்குக் குனிந்து பார்க்க முடியாது. லயத்துக்கு லயம் நம் வாலிபர்கள் அந்தப் பணியை ஏற்க வேண்டும். தாத்தாவின் பாதத்தைப் பிடித்துப் பார்ப்பதிலே வெட்கமில்லை.

பெரியப்பா இன்றும் முன்வரிசையிலே ஊன்றுகோலோடு அமர்ந்திருக்கிறார். கிண்ணத்தை அவர் எறியவில்லை. மாத்திரைப் பெட்டியை அதற்குப் பக்கத்திலே வைத்திருக்கிறார். நாமும் அப்படியே செய்வோமாக.