பெண்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும்

(மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அதற்கு இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். யுத்தம் நடந்த ஊர்களில் எச்.ஐ.வி., பெண்கள் மீதான வன்முறை, மனநோய் மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று சொல்ல வந்தோம். "அதுக்கும் நமக்கும் என்னா சம்பந்தம் டீச்சர்?" என்று கேட்பீர்கள். 1977இல் அடிபட்டு, லயத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் நம் சொந்தக்காரர்கள். 2009 வரை அவர்கள் பட்டதை யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

1994இல் ருவண்டாவில் ஏறக்குறைய 100 நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பெருந்தொகையான பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். பலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. இதைக் கேட்டவுடன் அகதிகள் வந்தால் நோயும் வரும் என்று பேசுகிறவர்கள் உண்டு. அது தவறு. ருவண்டா, கொங்கோ, உகண்டா உட்பட 7 நாடுகளின் கணக்குகளைப் பார்த்த ஆய்வொன்று 2007இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வந்தது. யுத்தத்தால் மொத்தச் சனங்களிடையே எச்.ஐ.வி. கூடியது என்பதற்குப் போதிய ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. ஆனால் கெடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இந்த மொத்தக் கணக்கு ஆறுதல் ஆகாது. அவளுக்கு உள்ள ஆபத்து உண்மையானது.

துப்பாக்கி இல்லாத வீட்டிலும் இதே கதைதான். தென்னாபிரிக்காவில் இளம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010இல் வெளியானது. துணைவனிடம் அடி உதை வாங்கும் பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது கூடுதல் என்று அது காட்டியது. கசிப்புக் குடித்துவிட்டு வருகிற வீடுகளைப் பற்றி நாம் வேறு பேச வேண்டுமா?

கிழக்குக் கொங்கோவில் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். 16 கிராமங்கள். பாலியல் வன்முறையால் மனம் உடைந்த பெண்கள். சில கிராமங்களில் தனித்தனியாக ஆதரவு கொடுத்தார்கள். மற்றக் கிராமங்களில் முதலில் ஒரு தடவை தனியாகப் பேசி, பிறகு 11 தடவை குழுவாக உட்கார்ந்தார்கள். நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற கொங்கோப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஏற்றபடி பாடத்தை மாற்றியிருந்தார்கள். இத்தனைக்கும் அங்கே சண்டை ஓயவில்லை. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, தனி ஆதரவு பெற்றவர்களில் 42 வீதமானோருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருந்தது. குழுவாக உட்கார்ந்தவர்களில் 9 வீதம்தான். இடையில் விட்டுப் போனவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2013இல் இந்த முடிவு வெளியானது.

இங்கே மருந்துக்குப் பஞ்சமில்லை. அரசாங்க பாலியல் நோய்க் கிளினிக்குகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், இரகசியம். வன்முறை நடந்து 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கினால் தொற்றைத் தடுக்க வாய்ப்புண்டு. ஆகவே வெட்கப்பட்டு நாளைக் கடத்த வேண்டாம். பெண்களுக்கு 1938, மனச்சுகத்துக்கு 1926 என்ற இலக்கங்களை மடுவத்திலும் ஒட்டுவோம்.

இல்லாதது பேச ஓர் இடம். பிள்ளை மடுவம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியே கிடக்கிறது. அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் அதைத் திறந்துவிடும்படி தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். இன்றைக்கே தலைவிமார் எல்லாரும் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். தலைவர்மாரும்தான்.