கடிகாரம் யார் கையில்?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

ஒருவர் கையில் கடிகாரத்தோடு வந்து நம் எந்திரத்தின் பக்கத்தில் நின்றால், வேலைப்பளு ஏறப் போகிறது என்று ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லாமலே விளங்கும். அதே கடிகாரத்தை உழைக்கும் பெண்ணின் பாரத்தைக் குறைக்க எடுத்த ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

அவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1897-ம் ஆண்டு வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர். 1917-ல் அவர் மாணவியாக இருந்தபோது, தொழிலாளர் வீடுகளுக்கு வரைபடம் போடும் போட்டி ஒன்று வந்தது. வரைவதற்கு முன் தொழிலாளர் எப்படி வாழ்கிறார்கள் என்று போய்ப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். போனார். ஒரே அறைக்குள் குடும்பம் முழுவதும் நெருக்கியடித்துக் கிடப்பதைக் கண்டார். யாருக்காகச் செய்கிறோமோ அவர்களிடம் முதலில் போக வேண்டும்: இது அவர் கற்ற முதல் பாடம்.

1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம் குடியிருப்புகளைக் கட்டிக் கொண்டிருந்தது. சமையலறையை வகுக்கும் வேலை இவரிடம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இவருக்குச் சமைத்துப் பழக்கமில்லை! அதை அவர் மறைக்கவில்லை. தெரியாதவர் கேட்டுத்தானே ஆக வேண்டும்? வீட்டுப் பெண்களைக் கேட்டார். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நடை, எவ்வளவு நேரம் என்று அளந்தார். அமெரிக்க ஆலைகளில் தொழிலாளியைக் கசக்கிப் பிழியப் பயன்பட்ட அதே அளவை முறைதான்!

பிறந்தது என்ன? ஏறத்தாழ 6 அடி அகலம், 11 அடி நீளமுள்ள சிறிய அறை. சன்னலோரம் வெளிச்சத்தில் வேலை மேசை. உட்கார்ந்து காய் நறுக்கச் சுழல் முக்காலி. சுவரோடு மடியும் இஸ்திரிப் பலகை. புழு அண்டாதிருக்க மாவுக்கு ஓக் மரப் பெட்டி. பக்கத்து அறையில் குழந்தையைக் கவனிக்கத் தள்ளு கதவு. சுமார் 10,000 வீடுகளில் இது அமைந்தது. அழகு என்பது பூவேலைப்பாடு மட்டுமா? மாலையில் முதுகு வலிக்காமல் நிமிர்ந்து சிரிக்க முடிந்தால் அதுவும் அழகுதான்.

குறையே இல்லையா? உண்டு. ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய அறை அது. வீட்டு வேலை பெண்ணுக்கே என்ற பழைய வழக்கத்தை அது அசைக்கவில்லை. சமையலறைச் செலவு வாடகையிலேயே சேர்ந்தது. பெரும்பாலும் ஓரளவு நல்ல கூலி பெற்றவர்களுக்கே அவ்வீடுகள் எட்டின. நல்ல வரைபடம் மட்டும் கூலியை உயர்த்தாது, தோழர்களே!

1930-ல் சோவியத் நாட்டுக்குச் சென்று, குழந்தைகள் காப்பகங்களை வகுத்தார். குழந்தையின் உயரத்துக்கு நாற்காலி, மேசை செய்தார். பெரியவர்களின் அளவு அங்கே செல்லாது!

1939-ல் ஆஸ்திரியக் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். துருக்கியில் பத்திரமாக இருந்திருக்கலாம். ஆனால் 1940 இறுதியில், நாஜிகளை எதிர்த்தவர்களோடு தொடர்பு கொள்ள, ரகசிய வேலையாக வியன்னா திரும்பினார். 1941 ஜனவரியில் கைதானார். விதித்த தண்டனை 15 ஆண்டு. 1945-ல்தான் விடுதலை. அதன் பிறகும், கம்யூனிஸ்டு என்பதால் சொந்த நாட்டில் அரசாங்க வேலைகள் அவருக்கு அரிதாகவே கிடைத்தன. கொள்கையை விற்று வேலை வாங்கவில்லை அவர். 2000-ம் ஆண்டு, 103-வது பிறந்த நாளுக்குச் சில நாள் முன்பு மறைந்தார்.

இதிலிருந்து நாம் எடுத்துக் கொள்வது என்ன? அரிவாளின் பிடி பொருந்தாவிட்டால் கொப்புளம் அறுப்பவர் கைக்கு. எந்திரத்தின் உயரம் பொருந்தாவிட்டால் வலி அதில் நிற்பவர் முதுகுக்கு. ஆகவே வீடானாலும், கருவியானாலும், எந்திரமானாலும் மூன்று கேள்வி கேட்போம். பயன்படுத்துகிறவரைக் கேட்டார்களா? குள்ளமானவர், முதியவர், பிள்ளைத்தாய்ச்சி, ஊனமுற்றவர் எல்லோரையும் கணக்கில் வைத்தார்களா? மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகிறது?

கடிகாரம் குற்றவாளியல்ல, தோழர்களே. அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி!