வண்டியும் வேண்டும், வரம்பும் வேண்டும்!
(கடலூர், சிதம்பரம் கூட்டங்களில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கடலூரில், சிதம்பரம் செல்லக் காத்து நிற்கிறீர்கள். அரசுப் பேருந்து வருகிறது, இடமில்லை. அடுத்துத் தனியார் பேருந்து வருகிறது, ஏறுகிறீர்கள். கட்டணமோ அரசு வகுத்த வரம்புக்குள்! போட்டி என்றால் அதுவன்றோ போட்டி? வண்டியும் பல, வரம்பும் உண்டு.

மண்ணிலே உள்ள இந்த முறை, விண்ணிலே உண்டா?

1953-இல் எட்டு விமானக் கம்பெனிகளை ஒன்றாக்கி, இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தனர். 1994-இல் அந்தச் சட்டத்தை நீக்கித் தனியாருக்குக் கதவு திறந்தனர். பயனே இல்லையென்று பகரமாட்டேன். 2003-இல் பிறந்த ஏர் டெக்கான், நடுத்தரக் குடும்பத்தாரையும் விமானம் ஏற்றியது. ஆனால், வந்தவை நிலைத்தனவா? கிங்ஃபிஷர் 2012-இல் ஓய்ந்தது. ஜெட் ஏர்வேஸ் 2019-இல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023-இல் படுத்தது. அரசின் ஏர் இந்தியாவோ 2022-இல் டாட்டாவிடம் சென்றது. இன்று உள்நாட்டுப் பயணிகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேரைச் சுமப்பவை இண்டிகோவும் ஏர் இந்தியாக் குழுமமுமே. அவருள்ளும் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில்!

கட்டணத்தைக் குறைத்துப் போட்டியாளரை வீழ்த்துவது புதிய கலையன்று. 1906-இல் சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது, வெள்ளையர் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்ததே! சுதேசிக் கம்பெனி சாய்ந்தபின், இலவசம் எங்கே? காவலற்ற போட்டி, தன்னைத்தானே தின்றுவிடும்.

விமானிக்கு வாரம் 48 மணி நேர ஓய்வு என்றது புதிய விதி. அதற்கேற்பத் திட்டமிடத் தவறிய இண்டிகோ, 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துச் செய்தது. மணமக்கள் தவித்தனர், நோயாளிகள் தவித்தனர், மற்ற விமானங்களின் கட்டணமோ மலையேறியது. அதன் பின்னரே அரசு விழித்து, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என உச்சவரம்பு கட்டியது. ஓய்வு விதியிலோ இண்டிகோவுக்குத் தற்காலிகத் தளர்வு தந்தது! விதிக்கு நிறுவனம் வளையவில்லை. நிறுவனத்துக்காக விதி வளைந்தது.

ஏன் வளைந்தது? அடித்துத் திருத்தலாமென்றால், அந்த ஒன்று நின்றால் நாடே நிற்கும். பருத்துவிட்ட நிறுவனத்தின் பலம் அதுதான்.

ஆகவே கேட்கிறோம்: நெருக்கடி வருமுன் கட்டண வரம்பு வேண்டும். புதிதாய் வரும் சிறு நிறுவனத்துக்கும் பெருநகர் விமான நிலையங்களில் நல்ல நேரத்தில் இடம் வேண்டும். ஓய்வு விதியோ, பெரியவர் சிறியவர் எவருக்கும் ஒன்றாக வேண்டும். கட்டணம் ஏறினால் போவது பணம். கண்ணயர்ந்த விமானியால் போவது உயிர் அல்லவா?