இருமுறை கேட்ட கேள்வி

ஒரு நகரின் குடியிருப்பில் 100 வீடுகளை அணுகி, குடிநீர் விநியோகத்திற்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடச் சொன்னதாகக் கொள்வோம். சராசரி 3.25. புதிய குழாய்கள் பதித்த பின்னர் மறுபடியும் 100 வீடுகளில் வினவுகிறோம், சராசரி 3.50. குடிநீர் மெய்யாகவே சீர்பட்டதா? அன்றி, மாதிரியில் அகப்பட்ட வீடுகளால் தற்செயலாக நேர்ந்த வேற்றுமையா?

இங்கு ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம் முறை விடையளித்தவற்றுள் 60 வீடுகள் முன்னரே விடையளித்தவை, 40 புதியவை. பழைய வீட்டார் சிலர் மாற்றலாகிப் போயினர். சிலர் வீடு பூட்டிக் கிடந்தது.

இரு குழுக்களையும் தொடர்பற்றனவாகக் கருதிக் கணக்கிடுவோர் உண்டு. அது பொருந்தாது. தாராளமாக மதிப்பெண் இடுபவர் இருமுறையும் தாராளமாகவே இடுவார். கழித்துப் பார்க்கையில் அவரது இயல்பு பெரிதும் நீங்கிவிடும். அதனால் தற்செயற் பிழை குறைகிறது.

கணக்கையே பார்ப்போம். மதிப்பெண்களின் திட்ட விலக்கம் இருமுறையும் 1 என்றும், பொதுவான 60 வீடுகளில் இரு விடைகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு 0.5 என்றும் கொள்வோம். ஒவ்வொரு சராசரிக்கும் பிழையின் வர்க்கம் 0.01, இரண்டும் சேர்ந்து 0.02. பொது வீடுகளுக்காக இதிலிருந்து கழிக்க வேண்டியது, 2 × 0.5 × 60-ஐ 100 × 100 ஆல் வகுத்து வரும் 0.006. எஞ்சுவது 0.014, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.118. வேற்றுமையான 0.25-ஐ இதனால் வகுத்தால் 2.11. வழக்கமான எல்லையாகிய 1.96-ஐ இது கடக்கிறது. ஆகவே முன்னேற்றத்தை ஏற்கலாம். தொடர்பை மறந்திருந்தால் 1.77 மட்டுமே வந்திருக்கும். நடந்த நன்மை இல்லையென்று தள்ளப்பட்டிருக்கும்.

மற்றொரு சாரார் 60 வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விலக்குவர். மேற்கண்ட எண்களின்படி அப்போது பிழை 0.129 ஆக உயரும். அதனினும் பெரிய தீங்கு, விலக்கப்படுவோர் யார் என்பதில் உள்ளது. வாடகைக்குக் குடியிருப்போர், உத்தியோக மாற்றம் பெற்றோர், பிழைப்புத் தேடி ஊர் மாறுவோர் ஆகியோரே அவருள் மிகுதி. பிறந்த மாநிலம் விட்டு வந்து வாழும் நம்மனோரின் குரல் அவ்வாறு கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

மாதிரியின் ஒரு பகுதியைப் பழையதாகவும் ஒரு பகுதியைப் புதியதாகவும் வேண்டுமென்றே அமைப்பதும் உண்டு. 2017-இல் தொடங்கிய நமது நாட்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில், நகர்ப்புற வீடொன்றை நான்கு காலாண்டுகளில் நான்கு முறை நாடினர். அடுத்தடுத்த காலாண்டுகளுக்கிடையே மாதிரிப் பகுதிகளில் முக்கால் பங்கு பொதுவாயிருந்தது. 2025 ஜனவரி முதல் நகரிலும் கிராமத்திலும் வீடுகள் தொடர்ந்து நான்கு மாதங்கள் நாடப்படுகின்றன. மாற்றத்தை நுட்பமாக அளக்கப் பழைய வீடுகள் துணை செய்கின்றன. புதிதாகக் குடியேறியோரைக் கணக்கிற்குள் கொணரப் புதிய வீடுகள் தேவைப்படுகின்றன.

ஆகவே, கணக்கெடுப்பாளர் இரண்டாம் முறை கதவைத் தட்டினால், "முன்பே சொன்னோமே" என்று திருப்பி அனுப்பாதிருப்போம். புதிய ஊரில் முதன்முறையாக நம்மை வினவினாலும் தயங்காது விடை கூறுவோம்.