நிறம் தீட்டிய புள்ளிகள்

எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் ஐரிஸ் பூக்களை அளந்து சேர்த்த அட்டவணை ஒன்று உண்டு. செட்டோசா, வெர்சிகலர், வர்ஜினிகா என மூன்று இனங்கள், இனத்துக்கு 50 என்று 150 பூக்கள். ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் எழுதிய கட்டுரையால் அது புகழ்பெற்றது. 'ஆர்' கணினி மொழியை நிறுவினால் இன்றும் கூடவே வரும்.

இந்தப் பூக்களின் அல்லி இதழ் நீளம், மணி வடிவ இயல்நிலைப் பரவலாக அமைந்திருக்கிறதா? அதைக் கண்ணால் பார்க்கத்தான் க்யூ-க்யூ வரைபடம். மார்ட்டின் வில்க்கும் ராமநாதன் ஞானதேசிகனும் 1968-இல் இதை விரிவாக எழுதினார்கள். பள்ளி மாணவர்களை உயர வரிசையில் நிறுத்துவதுபோல் அளவுகளை நிறுத்தி, இயல்நிலைப் பரவலில் அந்தந்த இடத்துக்கு உரிய மதிப்புக்கு எதிரே புள்ளி வைக்கிறோம். பொருந்தினால் நேர்கோடு கிடைக்கும்.

ஐரிஸில் கிடைக்காது. 1 முதல் 1.9 சென்டிமீட்டர் வரை 50 புள்ளிகள் கீழே படுத்திருக்க, அடுத்தது 3 சென்டிமீட்டருக்குத் தாவுகிறது. 'இயல்நிலை இல்லை' என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். இனவாரியாக நிறம் கொடுங்கள். கீழே கிடக்கும் 50-ம் செட்டோசா என்று தெரியும். கோடு உடைந்ததற்குக் காரணம், வெவ்வேறு இனங்களை ஒன்றாகக் கலந்ததுதான்.

ஆரில் இந்தப் படத்தை வரையும் க்யூக்யூநார்ம் கட்டளையில் நிறத்துக்கான இடத்தில் இனப் பத்தியைக் கொடுத்தால் போதும். தரவின் மூல வரிசையை அது மாற்றுவதில்லை. நிறம் உரிய பூவுக்கே போகும். அளவுகளை நீங்களே வரிசைப்படுத்தினால் நிறங்களையும் சேர்த்து வரிசைப்படுத்த வேண்டும். மறந்தால் கணினி எச்சரிக்காது; தவறான படத்தை அழகாக வரைந்து கொடுத்துவிடும்.

ஆரில் படம் வரைய உதவும் ஜிஜிபிளாட் தொகுப்பில் இன்னும் கவனம் வேண்டும். அதன் க்யூ-க்யூ கட்டளையில் நிறத்துக்கு இனத்தைச் சொன்னால், அது ஒவ்வோர் இனத்தையும் தனித்தனி வரிசையாக நிறுத்திவிடுகிறது. ஒவ்வோர் இனமும் தன்னளவில் இயல்நிலையா என்று கேட்க அது நல்ல படம். ஆனால் நாம் கேட்டது வேறு. ஒரே வரிசை வேண்டுமானால், முதலில் க்யூக்யூநார்ம் மூலம் புள்ளிகளின் இடங்களைக் கணக்கிட்டு வாங்கி, பிறகு சாதாரணப் புள்ளிப் படமாக நிறத்தோடு வரையுங்கள்.

ஆர் தானாகத் தரும் முதல் மூன்று நிறங்கள் கறுப்பு, சிவப்பு, பச்சை. 4.5 முதல் 5.1 சென்டிமீட்டருக்குள் கலந்து நிற்கும் வெர்சிகலரும் வர்ஜினிகாவும்தான் அந்தச் சிவப்பும் பச்சையும். இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காக ஓர் இனத்தை வட்டமாகவும் மற்றதை முக்கோணமாகவும் போடுங்கள்.